மஞ்சள் பூசிய கல்

சாயப்பட்டறை மூடி ஆறு வருடம் கழித்துத்தான் மண்ணைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். இராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த இடம். நான் அங்கே பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். எந்தத் தொட்டி எங்கே இருந்தது, எந்தக் குழாய் எந்தப் பக்கம் போனது என்று காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். காட்டினேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் காட்டினேன்.

வேலையை நடத்தியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் பொறியாளர். என் மகள் வயதுதான் இருக்கும். எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டோம். பொக்லைன் வைத்துத் தோண்டத் தோண்ட, மேலே செவல் மண், ஒரு முழத்துக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஊதா என்று வந்தது. "ஏலே, பூமிக்குள்ள எவனோ சேலைக்கடை வெச்சு நடத்தியிருக்கான்" என்று பொக்லைன் ஓட்டுகிறவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடி லாரிகளில் வெளியே கொண்டுபோனார்கள். நிலத்தடித் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்து, வடிகட்டக் கரி நிரப்பிய டேங்குகளுக்குள் விட்டார்கள். சுற்றிலும் புதிதாகப் போட்ட சிறு ஆழ்குழாய்ப் போர்களில் வாரம் ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாட்டில் மேல் நம்பரும் தேதியும் எழுதுவது என் வேலை.

கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் தோட்டம். புருஷன் தவறிப் பல வருடம் ஆகிறது. இரண்டு பசுவும் ஒரு கிணறும்தான் அவருடைய பிழைப்பு. கிணற்றுத் தண்ணீர் செம்பு நிறமாகி நுரை கட்ட ஆரம்பித்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர் அவரிடம் பால் எடுப்பதை நிறுத்திவிட்டார். சாயக்கிணற்றுப் பால் என்று பேர் ஆகிவிட்டது. பிறகு டிராக்டரில் வரும் தண்ணீரை வாங்கி மாட்டுக்குக் காட்டினார். பாலை அக்கம்பக்கத்தில் வந்த விலைக்கு ஊற்றினார். கிணறு தெளிந்தால் மாடுகள் நிற்கும், இல்லாவிட்டால் விற்க வேண்டியதுதான். அதனால் தினமும் வேலி ஓரம் வந்து என்னைக் கேட்பார்.

"ஏலே தம்பி, இன்னும் எம்புட்டு நாளாகும்?"

"தெரியலக்கா."

"அம்புட்டுப் பேரு நிக்கிய. ஒருத்தனுக்கும் தெரியாதா? உனக்கெல்லாம் வாயி எதுக்கு, சோறு திங்க மட்டுமா?"

எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அது தெரியும், அதனால் கோபமாகச் சொல்லமாட்டார்.

கிழக்கு வேலியை ஒட்டி ஒரு வேம்பும் அதனடியில் ஒரு அம்மனும் உண்டு. கருங்கல், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டியது. ஆடி வெள்ளிகளில் பொங்கல் வைப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வளையல் கட்டுவார்கள். பொறியாளர் வந்த முதல் நாளே அந்த இடத்தை விசாரித்தார். "அது எங்க காலத்துக்கு முந்தின ஆத்தா, மேடம். அதுல கை வெச்சிராதிய" என்று வேலைக்கு வந்த இளவட்டங்கள் சொன்னார்கள். பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அம்மனைச் சுற்றிப் பத்தடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கல்லை வைத்தவன் நான்.

பட்டறை நடந்த காலத்தில் அங்கே தண்ணீர் வற்றிப்போன ஒரு போர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சாயத்தண்ணியை அதற்குள் இறக்கிவிடச் சொல்வார் மேஸ்திரி. வால்வைத் திறப்பதும் மூடுவதும் நான். பல வருடம் அப்படி நடந்தது. ஒருமுறை ஆபீசர்கள் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்ததும், நானும் மேஸ்திரியுமாகப் போர் வாய் மேல் சிமெண்ட் சிலாப்பைப் போட்டு மண்ணைத் தள்ளினோம். பாய்லர் ரூம் இடித்தபோது விழுந்த அஸ்திவாரக் கல் ஒன்றைத் தூக்கி அதன்மேல் நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. "மஞ்சளப் பூசுலே. எந்த ஆபீசரும் தொடமாட்டான்" என்றார். பூசினேன். ஆபீசர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தொடவில்லை.

அடுத்த வாரம் யாரோ கல்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த மாதம் வேப்பங்கன்று வந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் கண்டு பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது, நானே அதன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். பாய்லர் ரூம் கல் என்று தெரிந்துதான் கும்பிட்டேன். பிள்ளை எழுந்தாள். அதன்பிறகு அது வெறும் கல் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

மேஸ்திரி செத்துப்போனார். முதலாளி இடத்தைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார். கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் நான் மட்டும்தான்.

நாலாவது மாதம் பொறியாளர் சோதனைத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "வடக்க எல்லாத்துலயும் சாயம் குறையுதுங்கண்ணா. கிழக்க இருக்கிற ரெண்டு போர்ல மட்டும் ஏறுது. அந்தப் பக்கம் தொட்டி எதாச்சும் இருந்துச்சுங்களா?"

"தொட்டி இல்ல மேடம்" என்றேன். அது உண்மை. தொட்டி இல்லை.

அன்றிலிருந்து மூன்று முறை அவரிடம் சொல்லப் போனேன். ஒருமுறை அவர் போனில் இருந்தார். ஒருமுறை பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது முறை தனியாகத்தான் இருந்தார், "என்னங்கண்ணா?" என்று கேட்கவும் செய்தார். பாட்டில் ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கிழக்கே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாமலே குழிகளில் புது மண் நிரப்பினார்கள். சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை அக்கா அம்மனுக்குப் பொங்கல் வைக்க வந்தார். நாலு மாதமாக வாரம் தவறாமல் அவர் அங்கே விளக்குப் போட்டது, கிணறு தெளிய வேண்டும் என்றுதான். லாரிகள் போவதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது, ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று முடிவு செய்திருந்தார். இலையில் பொங்கலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்குச் சாயங்காலம் மாட்டுக்கு நம்ம கெணத்துத் தண்ணியவே காட்டப் போறேன்லே. காட்டலாம்லா?"

இலை என் கையில் சுட்டது. "வேண்டாம்க்கா" என்றேன்.

"ஏம்லே?"

"இந்தக் கல்ல நாந்தான் வெச்சேன். அடியில போர் இருக்கு. அதுலதான் சாயத்தண்ணிய விட்டோம்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அக்கா என் கையிலிருந்த இலையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து, மண்மேட்டையெல்லாம் தாண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பொறியாளர் முன்னால் நிறுத்தினார்.

"மேடம், இவன் என்னமோ சொல்லுதான். நல்லாக் கேட்டுக்கிடுங்க."

கல்லை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. பொக்லைன் ஓட்டுகிறவர், "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க" என்று வண்டியிலிருந்து சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "பூசை பண்ணதெல்லாம் பட்டறைக் கல்லுக்கா, பாவி?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்காதான் சொன்னார்: "வெச்சவனே எடுக்கட்டும்."

துணியை அவிழ்த்தேன். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தேன். கல்லைச் சாய்த்தபோது அடியில் பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. மண்ணை விலக்கிச் சிலாப்பை நகர்த்தியதும் வந்த நெடியில் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். பொறியாளர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பாக வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல் வாரமே சொல்லியிருந்தா இந்த நாலு மாசமும் இங்கிருந்தே இழுத்திருப்போமுங்கண்ணா" என்றார், அவ்வளவுதான். பிறகு அக்காவைத் தனியாக அழைத்து விவரம் சொன்னார். மேல்மண் என்றால் அள்ளிவிடலாம், இது பாறை இடுக்குக்குள் இறங்கிவிட்டது, மோட்டார் வைத்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கிணறு தெளிய எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது.

அந்த மாதமே அக்கா மாடுகளை விற்றார். செண்பகத்தோப்புப் பக்கத்து ஆள் ஒருவர் மினி லாரி கொண்டுவந்திருந்தார். பெரிய பசு பலகையில் ஏற மறுத்து நின்றது. நான் வேலியைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தேன். அக்கா என்னைப் பார்த்தார், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லாரி போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது அந்தப் போரில் மோட்டார் ஓடுகிறது. காவலும் நான்தான், பாட்டிலில் பிடிக்கிறவனும் நான்தான். மாதம் ஒருமுறை அக்காவின் கிணற்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். வாசலில் நின்று செருமுவேன், கதவைத் திறந்துவிடுவார். முதலில் சில மாதங்கள், வாளியை நான் மேலே இழுத்ததும், "போன மாசத்துது என்ன வந்துச்சு? கொறஞ்சிருக்கா?" என்று கேட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

போன தடவை பாட்டிலை மூடிக்கொண்டே நானாகச் சொன்னேன். "இந்த மாசமும் கொறையலக்கா."

"நான் கேட்டனா?" என்றார்.

பாட்டில் மேல் தேதியை எழுதிவிட்டு நின்றேன். வாளிக் கயிற்றைச் சுருட்டித் துணிக்கொடியில் போடச் சொன்னார். போட்டுவிட்டு வந்தேன்.