இருபத்திரண்டும் இருபத்தொன்றும்

கேள்வித்தாள் அச்சடிக்கும் சைக்ளோஸ்டைல் மையின் வாடை மண்ணெண்ணெய்க்கும் காறிப்போன நல்லெண்ணெய்க்கும் நடுவில் இருக்கும்; தேர்வன்று காலையில் விரலில் ஒட்டிக்கொண்டால் மத்தியானச் சோற்றிலும் மணக்கும். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் மலர் ஒன்று போடுகிறார்களாம். காலஞ்சென்ற கணக்கு சாரைப் பற்றி நெகிழ்ச்சியாக இரண்டு பக்கம் கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்தேன். நெகிழ்ச்சி வரவில்லை, அந்த வாடைதான் வந்தது. ஆகவே மலருக்கு ஆகாத இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பள்ளியிறுதிக் கணிதம் இரண்டு வகை. அல்ஜீப்ராவும் வடிவியலும் சேர்ந்தது "காம்போசிட்". தனிவட்டி, பரப்பளவு என்று கடைத்தெருவோடு நின்றுவிடுவது "ஜெனரல்". காம்போசிட் படித்தால்தான் கல்லூரியில் கணிதம் கிடைக்கும். எங்கள் கோவில்பட்டிப் பள்ளியில் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் அறுபது வாங்கினால் காம்போசிட், வாங்காவிட்டால் ஜெனரல். கரிசல் காட்டில் பருத்தி விதைக்கிறவன்கூட ஒரு மழை பொய்த்தால் இன்னொரு மழைக்குக் காத்திருப்பான். எங்கள் பள்ளிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கணக்கு சார் சாயங்காலம் வீட்டில் "டியூஷன்" வைத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேர் அங்கே போனோம். சார்புகளுக்கு அம்புக்குறி போட்டோம், இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் நீக்கல் முறையைப் பழகினோம். பழகினோம் என்றால், அவர் போட்ட கணக்கை விடையோடு இருபது தடவை எழுதி நெட்டுருப் போட்டோம். பஜாரில் ஆணியும் கயிறும் விற்ற காசிம் அண்ணாச்சியின் மகள் பல்கீஸ் மட்டும், "அதான் எல்லாம் புஸ்தகத்துல இருக்கே" என்று வரவில்லை. கடையில் ஆணி பொதியும் காகிதத்தில் அவளாகவே கணக்குப் பழகுவாள்: எடையைப் போட்டால் ஆணியின் எண்ணிக்கை வரும்படி ஒரு சார்பு, மூன்றங்குல ஆணிக்கு ஒன்று, நாலங்குலத்துக்கு ஒன்று. கல்லூரியில் கணிதம் படிப்பது என்று அவள் அப்போதே முடிவு செய்திருந்தாள்.

டியூஷனில் நாங்கள் நெட்டுருப் போட்ட கணக்குகளில் ஒன்று: 2x + 3y = 11, 4x + 5y = 21. விடை, x நான்கு, y ஒன்று. காலாண்டுத் தாளில் அதே கணக்கு பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. ஆனால் ஸ்டென்சில் வெட்டும்போது சாரின் கை தவறி, 5y என்பது 6y ஆகிவிட்டது.

பல்கீஸ் மூன்று வரி எழுதினாள். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் 4x + 6y = 22; கொடுத்திருப்பதோ 21; ஒரே தொகை இருபத்திரண்டாகவும் இருபத்தொன்றாகவும் இருக்க முடியாது, எனவே தீர்வு இல்லை. முற்றிலும் சரி. நானும் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சைபர் சமம் ஒன்று என்று வந்தது. அதை அழித்தேன். பிறகு பயபக்தியோடு "ஸ்டெப்" எழுதி, மூன்றாவது வரியில் சத்தமில்லாமல் 6-ஐ 5 ஆக்கி, x நான்கு, y ஒன்று என்று முடித்தேன். டியூஷன் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் செய்திருந்தோம். அத்தனை தாளிலும் ஒரே இடத்தில் எண் மாறியிருப்பதைப் பார்த்த சாருக்குத் தன் தவறு தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. எங்களுக்குப் பத்துக்குப் பத்து. பல்கீசுக்குச் சிவப்பு மையில் பெரிய சைபர், மொத்தம் ஐம்பத்தாறு.

மறுநாள் காசிம் அண்ணாச்சி கேள்வித்தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நோட்டுக் கட்டை வைக்கப் போன நான் அங்கேயே நின்றேன். பல்கீஸ் வாசலுக்கு வெளியே.

"சார்வாள், நீங்க சொன்ன நாலையும் ஒண்ணையும் நானும் போட்டுப் பாத்தேன். நாநாலு பதினாறு, ஓராறு ஆறு. இருவத்திரெண்டுல்லா வருது? பேப்பர்ல இருவத்தொண்ணுன்னு இருக்கே?"

"அண்ணாச்சி, நான் என்னைக்காவது உங்க கடைக்கு வந்து தராசப் பிடிச்சுப் பாத்திருக்கனா?"

மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

"பிடிச்சுப் பாருங்க சார்வாள். அதுக்குத்தான எல்லாருக்கும் தெரியத் தொங்கவிட்டிருக்கேன்."

இப்போது சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சாரின் முகம் கறுத்தது. என்னைக் கண்டார்.

"ஏலே, இங்கன வா. ஒனக்கு என்ன விடை வந்துச்சு?"

"x நாலு, y ஒண்ணு சார்."

"முறைப்படி போட்டு வந்துச்சா, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

"முறைப்படிதான் சார்."

அண்ணாச்சி, "அப்பச் சரி தம்பி" என்று தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பல்கீஸ் ஜெனரலுக்குப் போனாள். நான் காம்போசிட்டுக்குப் போனேன்.

பின்னால் கல்வித்துறை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் குப்பை கொட்டினேன். கேள்வியில் பிழை இருந்தால் அதை முயன்றவர் அனைவருக்கும் முழு மதிப்பெண். இதற்கு விதி உண்டு, கோப்பு உண்டு, குறிப்பு எழுதும் முறை உண்டு. முகம் தெரியாத பிள்ளைகளுக்காக எத்தனையோ முறை அந்தக் குறிப்பை எழுதி, பச்சை மைக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் மேலேயே எரிச்சல் வரும். பெரிய உபகாரம் செய்தவனைப் போல அன்று வடை வாங்கித் தின்பேன்.

இன்று ஸ்டென்சிலும் இல்லை, ஜெனரல், காம்போசிட் பிரிவினையும் இல்லை. சாரின் படத்துக்கு மட்டும் சந்தன மாலை தயாராகிறது. மலருக்குக் கேட்ட அன்று சாயங்காலம், வாப்பாவுக்குப் பிறகு பல்கீஸ் நடத்திவரும் கடைக்குப் போய், பென்சிலால் எழுதியதையும் அழித்ததையும் முறைப்படிதான் என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஆணியை நிறுத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு வாப்பா வீட்டுக்கு வந்து மறுபடி மறுபடி போட்டுப் பாத்தாவ. எத்தனை தடவ போட்டாலும் இருவத்திரெண்டுதான். 'சார்வாளும் சொல்லுதாரு, அந்தப் பயலும் சொல்லுதான், பொய்யா சொல்லுவாங்க? நமக்குத்தான் கணக்கு வரல'ன்னாவ. அதுக்கப்புறம் சின்னக் கூட்டல்னாலும் எங்கிட்டத் தந்து ஒருக்கா பாத்துக்கிட சொல்லுவாவ. கடைசி வரைக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவிய மௌத்தாயி இருவது வருசமாச்சு. நீங்க சொல்ல வேண்டிய ஆளு அவிய. எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றாள் பல்கீஸ். பிறகு எனக்குப் பின்னால் நின்ற கொத்தனாரைப் பார்த்து, "ஒங்களுக்கு என்ன அண்ணாச்சி வேணும்?" என்று கேட்டாள்.