ஒரு பிடி கூடுதல்

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் சனிக்கிழமை தோறும் சந்தை கூடும். போன வாரம் அங்கே ஒரு கிலோ உருளைக்கிழங்கு கேட்டேன். எடை கொஞ்சம் தாண்டிவிட்டது. கடைக்காரப் பெண்மணி ஒரு கிழங்கை எடுத்துவிட்டு, சின்னதாக இன்னொன்றைத் தேடிப் போட்டு, எண் சரியாக நின்றதும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, "அந்தப் பெரியதும் கிடக்கட்டுமே" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "கையில் காசு குறைகிறதா?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். மானம் போயிற்று. எங்கள் ஊர் கோட்டாற்றுச் சந்தையில் கொசுறு வாங்காமல் வருபவனைத்தான் ஐயா அப்படிப் பார்ப்பார்கள்!

அந்தக் கோட்டாற்றில்தான் என் அக்கா செல்வராணி நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறாள். அத்தான் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு அவளுடைய எண்ணெய்ச் சட்டிதான் வீட்டைத் தாங்குகிறது. பேக்கரிக்காரர்கள் வாங்குவதைக் குறைத்ததும் ஆன்லைனில் கடை திறந்தாள். அதே தளத்தில் ஒரு பெரிய கம்பெனியும் அதே சிப்ஸை மினுமினுக்கும் கவரில் இறக்கியது. அவன் விற்கும் விலைக்கு அக்காவால் காய்கூட வாங்க முடியாது. எப்படி மல்லுக்கட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"அவன் மெஷின்லல்லா அளந்து போடுகான். நான் கையால போடுகேன் மக்கா. அரைக்கிலோ பாக்கெட்டுல ஒரு பிடி கூட வச்சு விடுகேன். தின்னவன் திரும்ப வருவான், பாத்துக்க."

வந்தார்கள். சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்தார்கள். வீட்டில் கட்டித் தந்த மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். அக்கா அதையெல்லாம் வாய்ஸ் மெசேஜில் எனக்கு வாசித்துக் காட்டுவாள். சின்ன வியாபாரி பெரியவனை எதிர்த்து நிற்க இது ஒன்றுதான் வழி என்று நானும் நம்பினேன்.

என் பிழைப்பைச் சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ராட்சத வேர்ஹவுஸ் ஒன்றில் கன்வேயர் பெல்ட் அருகே நிற்கிறேன். பெட்டிகள் தராசின்மேல் ஊர்ந்து போகும். அனுப்பியவர் சொன்ன எடைக்குள் இருந்தால் பச்சை விளக்கு எரியும்; அதற்கு மேல் இருந்தால் சிவப்பு எரியும், மெஷின் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிடும். நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அடிக்கடி ஸ்டிக்கர் வாங்கும் வியாபாரியின் ஆன்லைன் கடையை மூடிவிடுவார்கள். விற்பவர் ஆசையாக ஒரு பிடி கூடுதலாக வைத்திருந்தால் என்ன செய்வது என்று சூப்பர்வைசரிடம் ஒருமுறை கேட்டேன். "எதற்கு வைக்கவேண்டும்? விலையைக் குறைத்திருக்கலாமே" என்றார். நல்ல மனுஷர்தான். நான் அடுத்த பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போனேன்.

அக்காவை எச்சரிக்கத்தான் செய்தேன். "கொறச்சுப் போட்டாத்தான் மக்கா குத்தம்" என்று சிரித்துவிட்டாள். போன மாதம் அவள் கடையையும் மூடிவிட்டார்கள். எடையில் பொய் சொன்னாளாம்! விளக்கம் எழுதி அனுப்பினாள். அனுப்பிய கையோடு மறுப்பு வந்து விழுந்தது. எந்த மனுஷனும் அதைப் படித்திருக்க முடியாது.

"கொறச்சுப் போட்டவளைக் கள்ளின்னு சொல்லுவாவ. கூடப் போட்ட நானும் கள்ளியா மக்கா?" என்று போனில் அழுதாள். அதே மாதிரிச் சிவப்பு ஸ்டிக்கர் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. இப்போது அத்தான் பெயரில் புதிதாகத் திறந்திருக்கிறாள். பழைய நல்ல வார்த்தைகள் எல்லாம் அழிந்துபோயின. தேடினால் கம்பெனிக்காரனின் பாக்கெட்தான் முதலில் வருகிறது. அக்காவுடையதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கே பொறுமை போய்விடுகிறது. அவள் இனி எழுந்து நிற்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நேற்று ஊரிலிருந்து திரும்பிய நண்பரிடம் எனக்கு ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டிருந்தாள். அரைக்கிலோ என்று கவரில் அச்சடித்திருந்தது. கையில் வாங்கியதுமே ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. இன்று வேலையிடத்தில், சூப்பர்வைசர் தேநீருக்குப் போன நேரம், எடை அரைக்கிலோ என்று மெஷினில் அடித்துவிட்டு அதைப் பெல்ட்டில் வைத்தேன். சிவப்பு எரியவேண்டும், மெஷின் இதை ஓரமாகத் தள்ளவேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு ஸ்டிக்கரோடு நின்றேன். தம்பிக்கு அனுப்புவதில்கூடவா ஒரு துண்டு கூடுதலாக வைத்திருக்க மாட்டாள்?

பச்சை எரிந்தது. மற்றவர்களின் பெட்டிகளுக்கு நடுவே அக்காவின் பாக்கெட் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் கையில் ஸ்டிக்கருடன் அதன் பின்னால் ஓடினேன்.