முனகுகிற ஆர்கனும் சாரம்மாளும்

சாரம்மாளின் ஆர்கன் முனகத் தொடங்கிய அன்று, நாலு மைல் தள்ளி ஆழ்வார்திருநகரியில் உருண்டுகொண்டிருந்த தேர், அந்தச் சத்தத்தைக் கேட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டது. சரி, நிற்கவில்லை, அன்றைக்குத் தேரே ஓடவில்லை. ஆனால் இங்கே வேதக்கோயில் வாசலில் கட்டியிருந்த வண்டிமாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தது நடந்த சங்கதி. மீதியைக் கழித்துக்கொள்ளலாம்.

1911ஆம் வருஷத்து ஐப்பசி அது. அசனப் பண்டிகைக்கு இன்னும் ஐந்தே நாள். சபை முழுவதும் ஆராதனை முடித்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு உண்கிற பண்டிகை. அந்த வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் துரையே வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

சாரம்மாள் ஊர்ப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. பனையேறியின் மகள். ஒன்பது வயதில் போர்டிங் பள்ளியில் விட்டார்கள். அங்கே ஆர்கன் பெட்டிக்குக் காற்றடிக்கும் மிதிபலகைக்குக் கால் எட்டாது. முக்காலியின் நுனியில் பாதி தொங்கிக்கொண்டு மிதித்தே பழகினாள். இருபதில் கல்யாணம். இருபத்தாறில் புருஷனைக் காலரா கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு கோயிலில் அவள் இடம் பெண்கள் பக்கத்துப் பாயின் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.

சீமையிலிருந்து பழைய ஆர்கன் ஒன்று சபைக்கு வந்தபோது, அதைத் தொடத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சபை முழுவதும் தரையில். பெரியவர்கள் நாலு பேருக்கு மட்டும் பெஞ்சு. பெஞ்சு உயரத்துக்கு ஒரு விதவை உட்காருவது, பெரியவர் சுவிசேஷமுத்துவுக்கு மூன்று வருஷமாகத் தொண்டையில் சிக்கிய முள். அவருடைய மருமகன் தூத்துக்குடியில் ஆர்கன் பழகி வந்திருந்தான். துரை முன்னால் ஒரு குறை தெரிந்தால் போதும், முக்காலி அவனுக்குப் போய்விடும். இது சாரம்மாளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த முனகல். எதையும் தொடாமல் வெறுமனே மிதித்தாலே, நடுவிலிருந்த கறுப்புக் கட்டை ஒன்று தானாக ‘ங்ங்’ என்று இழுத்தது. காலை எடுத்த பிறகும் உள்ளே இருந்த மூச்சு தீரும்வரை இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. கட்டையை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டையோடு உரசுகிறதோ என்று நடுவே காகிதத்தை விட்டு இழுத்தாள். காகிதம் சுளுவாக வந்தது. மேல்பாதிக் கட்டைகளை அடைக்கும் குமிழை உள்ளே தள்ளினாள். முனகல் நின்றது, கூடவே மேல்பாதி முழுவதும் ஊமையாயிற்று.

மறுநாள் மாடக்கண்ணு ஆசாரியை அழைத்தாள். அவர் பின்பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சிட்டிகை பொடியைக் கிள்ளி எடுத்து முகர்ந்தார்.

“வாத்தியாரம்மா, இதுக்குள்ள வேப்பிலை கிடக்கே. யாரு போட்டது?”

“நாந்தான்.”

“நீங்களா?”

“பாச்சை பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு ஆனி மாசம் போட்டேன்.”

நெல் குதிரிலும் துணிப்பெட்டியிலும் வேப்பிலை போடாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அதே நினைப்பில் இதிலும் போட்டுவிட்டாள். ஆனால் குதிர் மூச்சு விடாது; இந்தப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே இழுத்து இழுத்துத்தான் பாடும். நாலு மாதமாக அவள் மிதித்த மிதியில் காய்ந்த இலையெல்லாம் பொடிந்து உள்ளே போயிருந்தது. அதில் ஒரு காம்பு, அந்தக் கறுப்புக் கட்டையின் கீழே இருந்த துவாரத்துக்கும் அதை மூடுகிற தோல் மூடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மூடி மூடவில்லை. காற்று ஓயவில்லை.

“மேல இருக்க பலகைய கழத்தினா காம்ப எடுத்துரலாம்லா?” என்றாள்.

“கழத்தலாம். பதினாலு திருகாணி. எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு.” திருப்புளியை வைத்துப் பைய அழுத்தினார். முதல் திருகாணியின் தலை பிய்ந்து கையோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. “இதுக்கு மேல திருகுனா பெட்டி பொளந்துரும், வாத்தியாரம்மா. பொறவு முனகக்கூடச் செய்யாது.”

ஈர்க்கை விட்டுக் குடைந்தாள். மயிலிறகை விட்டுத் தடவினாள். காம்பு இன்னும் உள்ளேதான் போயிற்று. உள்ளங்கையில் வேப்பிலைப் பொடி ஒட்டியபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆசாரியாரே, வேப்பிலைச் சங்கதி வெளியே போகப்படாது.”

“நான் எதுக்குச் சொல்லுதேன்? எனக்கு வாயே கிடையாது” என்றார் மாடக்கண்ணு. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கிணற்றடியில் அவள் காதுபடவே சுவிசேஷமுத்து கேட்டார்: “ஏம்மா, பெட்டிக்கு அம்மை போட்டிருக்குன்னு நெனச்சுட்டியோ?”

சிரித்தவர்களில் அவளிடம் படித்த பெண்களும் இருந்தார்கள்.

பண்டிகை நாள் வந்தது. வாசிக்காமல் இருந்தால் வாசிக்கத் தெரியவில்லை என்பார்கள், வாசித்தால் முனகும். சாரம்மாள் முக்காலியில் உட்கார்ந்தாள். நாலு பாட்டு. முதல் பாட்டு சீமை ராகம். பாட்டு ஒரு பக்கம் போக, முனகல் ஒரு பக்கம் நின்றது. துரை கைக்குட்டையை எடுத்து இருமினார். இரண்டாவதற்குக் குமிழைத் தள்ளி, கீழ்பாதியை மட்டும் வைத்து வாசித்தாள். கிணற்றுக்குள் விழுந்த எருமை கத்துவதுபோல் இருந்தது. பாயிலிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாவது கீர்த்தனை. அந்தச் சபையில் கீர்த்தனையை எடுக்கிறவள் அன்னப்பழம். சுவிசேஷமுத்துவுக்கு அத்தை முறை. அவள் எந்தச் சுருதியில் எடுக்கிறாளோ அதுதான் சபைக்குச் சுருதி. ஆர்கன்தான் அவள் பின்னால் ஓட வேண்டும். கிழவி தொண்டையைச் செருமிவிட்டு எடுத்தாள். சாரம்மாள் குமிழை இழுத்துவிட்டு மிதித்தாள். முனகல் வந்தது. வந்து, நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒரே சுருதி பிடித்து ஒத்து ஊதுகிறவரைப்போல, கிழவி எடுத்த சுருதியிலேயே அவள் குரலுக்கு அடியில் அப்படியே நின்றது. சாரம்மாள் கையைக்கூட அதிகம் அசைக்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது மறுபடியும் சீமை ராகம். இரண்டாம் அடியிலேயே முனகல் பாட்டைவிட்டு விலகித் துருத்திக்கொண்டது. குமிழைத் தள்ளப் போன கை பாதியில் நின்றது. காலை எடுத்துவிட்டாள். சபை அவள் இல்லாமலே பாடி முடித்தது.

வெளியே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். துரைக்குப் பசி. சுவிசேஷமுத்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தம் மருமகன் வாசிப்பான் என்றார். துரை தலையை ஆட்டிவிட்டு இலையைப் பார்த்தார்.

தூத்துக்குடியிலிருந்து பெட்டி பிரிக்கத் தெரிந்த ஆளும் புதுத் திருகாணியும் வந்தால் போதும், ஒரு காம்பை எடுத்தால் போதும் என்று சொல்லத்தான் சாரம்மாள் கிட்டே வந்தாள். சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். துரை உட்கார்ந்துவிட்டார்.

“பொம்பளய நம்பிப் பெட்டிய குடுத்தா இப்படித்தான்” என்று சுவிசேஷமுத்து பந்திக்கே கேட்கும்படி சொன்னார். “பண்டிகையும் அதுவுமா நாலு பாட்டையும் நாசம் பண்ணிப்போட்டா!”

எதிர்ப்பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அன்னப்பழம் தலையை நிமிர்த்தவில்லை.

“நாலு இல்லலே, மூணு” என்றாள். “எம் பாட்டுல அது ஒழுங்காத்தான் கிடந்துச்சு.”