வளையம் இல்லாத தட்டு

கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார் பட்டினி அக்கா. உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடித் தட்டு. அடியில் உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கின்றன. லேசாகச் சாய்த்து, பழைய திரவத்தை உறிஞ்சி, உப்புநீர் விட்டு, மறுபடி உறிஞ்சி... கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். பிறகு ராத்திரி முழுக்கப் பட்டினி போடுவார். ஆய்வுக்கூடத்தில் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. "வீட்ல மட்டும் ஊட்டி ஊட்டியே கொல்றா" என்பது கணவரின் புகார்.

"வயிறு நிறைஞ்சவன்கிட்ட சோத்தக் காட்டினா மூஞ்சில என்ன தெரியும்?" என்பார் அக்கா. செல்களுக்கான ஊட்டத்தில் வளர்ச்சிக் காரணிகள் உண்டு. அதில் துளி மிஞ்சினாலும் செல்லுக்குள் ஒரு நொதி விழித்துக்கொண்டு, மேல்சவ்வின் கொழுப்பில் பாஸ்பேட்டை ஒட்ட ஆரம்பித்துவிடும். ஒட்டிய இடத்தில், செல்லுக்குள் முன்பே விட்டுவைத்த பச்சையாய் ஒளிரும் புரதம் போய்ச் சேரும். செல்லைச் சுற்றி வளையம் தெரியும். அந்த நொதியை இன்சுலின் எழுப்புகிறதா என்பதுதான் அக்காவின் கேள்வி.

போன மாதம் ஒரு நாள், இன்சுலினே கொடுக்காத தட்டிலும் வளையம் வந்துவிட்டது. மறுநாள் நிபுணர் குழு வருவதாக இருந்தது. இந்த ஆராய்ச்சி தொடருமா, மூட்டை கட்டுமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

"அந்தத் தட்ட விட்டுடும்மா. இன்சுலின் குடுத்தது அழகா வந்திருக்கே, அது போதும்" என்றார் ஆய்வுத் தலைவர்.

"முன்னாடியே முழிச்சிருந்தவன இன்சுலின்தான் எழுப்புச்சுன்னு எந்த வாயால சார் சொல்றது? அவசரத்துல ஒரு தடவதான் கழுவினேன். தப்பு என்னுது."

சொன்னதோடு நிற்கவில்லை. எல்லாத் தட்டுகளையும் கழிவுத் தொட்டியில் போட்டார். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மிச்சமிருந்த செல்களை எடுத்து, நிதானமாக இரண்டு முறை கழுவிப் பட்டினி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் ஒரு தட்டுக்கு மட்டும் இன்சுலின் கொடுத்தார். பத்தே நிமிடத்தில் செல்களைச் சுற்றிப் பச்சை வளையம். கொடுக்காத தட்டில் மருந்துக்குக்கூட இல்லை. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருவோர் போவோரையெல்லாம் இழுத்து வந்து காட்டினார்.

குழு உள்ளே நுழைந்தது. "வளையத்த முதல்ல காட்டும்மா" என்று கிசுகிசுத்தார் தலைவர்.

யாரையும் உட்காரவிடாத தன் முக்காலியை விருந்தாளிக்கு இழுத்துப் போட்டார் அக்கா. தலை நிமிர்ந்து, வளையம் இல்லாத தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.