எண்பத்தொன்பது நாளும் ஒரு பிரேக்கும்

நான் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். நோயாளியை விசாரித்து, பரிசோதித்து, சீட்டில் எழுதி வைப்பது என் வேலை. கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை. எண்பத்தொன்பது நாள் முடிந்ததும் ஒப்பந்த ஆட்களான எங்களை ஒருநாள் நீக்கிவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்தோம், நிரந்தரமாக்கு என்று எவனும் கோர்ட் படியேறிவிடக் கூடாதாம். அந்த ஒருநாளுக்குப் பெயர் பிரேக். நான்கு வருஷமாக அந்தமானில், போர்ட் பிளேர் அரசு ஆஸ்பத்திரியில் இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்.

பிரேக் அன்று ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்த்தால் அடுத்த எண்பத்தொன்பது நாளுக்கு வேலை ஆர்டர் கிடையாது. எனக்கு முன்பிருந்தவர் பிரேக் அன்று ஒரு கர்ப்பிணிக்கு பிரஷர் பார்த்ததால்தான் வேலை போய் வீட்டுக்குப் போனார்.

அப்படியொரு நாளில் நான் பேசாமல் அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம். ஃபெர்ரி ஏறி வந்து ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவிழ்த்துவிட்டாலும் மாடு தொழுவத்தையே சுற்றும்.

அங்கேதான் பத்துபஸ்தி மளிகைக்கடை பாய் என்னைப் பிடித்தார். சர்க்கரை நோயாளி. அவர் கால் புண்ணுக்கு நான்தான் கட்டுப் போட்டு வந்தேன். மகன்கள் எல்லாம் மெயின்லேண்டில்.

“தம்பி, உள்ள நீங்க இல்லைன்னாங்க. அப்ப நாளைக்கு வரேன். ஒரு விரலு மட்டும் லேசா கறுத்திருக்கு.”

கட்டைப் பிரித்தேன். விரல் செத்திருந்தது; சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. நாளைக்கு என்றால் காலே போய்விடும். பயந்தேன். பாதி அவர் காலுக்காக, பாதி என் ஆர்டருக்காக. பொய் சொல்வானேன்.

கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனேன். வாசலிலேயே எங்கள் கிளார்க் மறித்தார்.

“அரே, ஆஜ் துமாரா பிரேக் ஹை. இன்னைக்கு நீ ஸ்டாஃப் இல்ல. எதையும் தொடாத.”

“தொடலை சார். கூட வந்த ஆள்.”

அட்மிஷனுக்கு ஓர் உறவினர் வேண்டும் என்பது விதி. என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார். மகன் என்றேன். என் நெற்றியில் திருநீற்றுப் பட்டை, பாய் தலையில் தொப்பி. நர்ஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகன் என்றே எழுதினார். டாக்டர் காலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், அட்மிஷனில் கையெழுத்துப் போட்டார். மதியமே விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

மறுநாள் ஆர்டர் வாங்கப் போனால் மெமோ நீட்டினார்கள். ஊழியர் ஒருவர் பதிவேட்டில் பொய்யான உறவைச் சொன்னதால் ஆர்டர் நிறுத்திவைக்கப்படுகிறதாம்.

“நேத்து நான் ஸ்டாஃப் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“வேலை பாக்குறதுக்கு ஸ்டாஃப் இல்ல. தப்பு பண்றதுக்கு ஸ்டாஃப்தான்” என்றார் கிளார்க். கேலி இல்லை, மனுஷன் நிஜமாகவே நம்பிச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அதற்கும் ஒரு மெமோ வைத்திருப்பார்.

ஒரு வாரம் பாயின் படுக்கையருகே மகனாகவே இருந்தேன். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் “மகன் என்ன சொல்றார்?” என்று கேட்பார். புண் எப்படி இருக்கிறது என்று சொல்வேன். அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதே வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை.

கடைசியில் கிளார்க்கே வழி சொன்னார்: இவன் என் மகன் அல்ல என்று நோயாளி எழுதிக் கொடுத்தால் பதிவேட்டைத் திருத்திவிடலாம், பொய்யும் இருக்காது, ஆர்டர் உண்டு. காகிதத்தை அவரே டைப் அடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். நான் பாய்க்குப் படித்துக் காட்டினேன். பாய் இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு கிளார்க்கை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா என் புள்ளைக்கு வேலை கிடைச்சிருமா?”