லண்டனில் இருந்து ஒரு வாக்கு

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் முகாமையாளர் அந்தச் செய்தியை லிஃப்டுக்குள் வைத்துத்தான் சொன்னார். கட்டடத்தைக் கட்டி வீடுகளை விற்ற கம்பனிக்காரர் மொட்டைமாடியை ஒரு உணவகத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன் வீட்டுக்காரர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தப் போகிறார்களாம். திகதியைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

"டீச்சர் அந்த நேரம் லண்டனில மகளோட நிப்பீங்கள், என்ன?"

பயணம் போகிற சந்தோசத்தில் நான்தான் கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தேன்.

"நிண்டால் என்ன? போனில கதைக்கிறன்."

"வாட்ஸ்அப்பில ஏலாது டீச்சர். அதில ஆர் வேணுமெண்டாலும் கதைக்கலாம். எங்களிட்டப் பதிஞ்சிருக்கிற உங்கட நம்பரில இருந்து வந்தால் மட்டும்தான் வாக்கா எடுக்கலாம். அது வெளிநாட்டில வேலை செய்யாதுதானே."

"செய்யும்," என்றேன். செய்யுமா என்று எனக்கே தெரியாது.

அந்த மொட்டைமாடி எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. அங்கேதான் உடுப்புக் காயப்போடுகிறோம். நோன்பு மாதத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் புறக்கோட்டைத் துணி வியாபாரி குடும்பத்தோடு அங்கே பாய் விரித்து நோன்பு திறப்பார். எல்லா வீட்டுக்கும் கஞ்சி வரும். அவரை நான் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் காலமான பிறகு, வீட்டுச் சுவர்கள் நெருக்கிய பின்னேரங்களில், மேலே ஏறிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் நான் மூச்சு விட்டேன். அந்த இடத்தில் யாரோ மேசை போட்டுப் பொரித்த கணவாய் மீன் விற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே காலி வீதியில் இருக்கும் தொலைபேசிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த சிங்களப் பிள்ளை என் நரைத்த தலைமயிரைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டியோடு யாராவது வந்திருக்கிறார்களா? அவர்களுக்கு விளங்கப்படுத்துகிறேன்," என்று சிங்களத்தில் கேட்டாள்.

"போகிறது நான். எனக்கே விளங்கப்படுத்துங்கோ, மகள்," என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்காகச் சொல்லித் தந்தாள். ரோமிங்கை இங்கேயே திறந்துவிட வேண்டும், விமானம் ஏறிய பிறகு யோசித்துப் பயனில்லை. அங்கே இறங்கியதும் போன் தானாக ஒரு நெட்வேர்க்கைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் செட்டிங்ஸுக்குள் போய் நாங்களே ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். வீட்டுக்கு எடுக்கும்போது பிளஸ் போட்டுத் தொண்ணூற்றுநான்கு அடிக்க வேண்டும். டேட்டாவை மட்டும் மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் கண்ணைக் கட்டும். எல்லாவற்றையும் என் கையாலேயே செய்து பார்த்த பிறகுதான் எழும்பினேன்.

லண்டனில் இறங்கிப் போனைத் திறந்தால் "சேவை இல்லை" என்று காட்டியது. விமான நிலையத்துக்கு வந்திருந்த மகள் என்னைக் கட்டிப்பிடித்த கையோடு ஒரு புதிய சிம்மை நீட்டினாள்.

"அம்மா, உங்கட பழைய சிம்மைக் கழட்டிப்போட்டு இதைப் போடுங்கோ. இஞ்ச எல்லாத்துக்கும் இது காணும்."

"கழட்ட மாட்டன்."

"இஞ்ச வந்தும் அந்தக் கட்டடமா உங்களுக்கு?"

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். அவள் வீட்டில் எனக்கென்று ஒரு அறைக்குப் புதிதாக நிறம் அடித்து, சுவாமிப் படமும் மாட்டி வைத்திருந்தாள். ஒரு மாத விருந்தாளிக்கு யாரும் அப்படி அறை ஒழுங்கு செய்வதில்லை. அதையும் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தேன். கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக வந்தன. முதலாவதைத் தொட்டேன், மறுத்துவிட்டது. அடுத்ததும் சுற்றிச் சுற்றி நின்று மறுத்தது. அதற்கடுத்ததைத் தொட்டபோது திரையின் மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. கொழும்பில் இருந்து ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. நான் தனிய இருந்து கைதட்டினேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் பின்னேரம், லண்டனில் மத்தியானம். மகள் அன்றைக்கென்று பார்த்துக் கடற்கரைக்குப் பயணம் ஒழுங்கு செய்துவிட்டாள். காரின் பின் சீட்டில் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயல்களுக்கு நடுவே போகப் போகக் கோடுகள் குறைந்தன, மறைந்தன, ஒரு மேட்டில் ஏறியதும் திரும்ப வந்தன.

"தம்பி, காரை நிப்பாட்டுங்கோ," என்று மருமகனிடம் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சத் தூரம்தான் மாமி, கடல் வந்திடும்."

"எனக்கு வெள்ளவத்தையில கடல் இருக்கு. நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினார். ஆடுகள் மேய்கிற ஒரு வயலின் வாசல் படலையோடு நின்றுகொண்டு முகாமையாளருக்கு எடுத்தேன். அவசரத்தில் பிளஸ்ஸை மறந்துவிட்டேன். இலக்கம் பிழை என்று ஒரு பெண்குரல் சொன்னது. திரும்ப ஒழுங்காக அடித்தேன். மணி போனது, அவர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். இந்த முறை வெட்டிவிட்டார்.

குளிர்காற்றில் கை விறைத்திருந்தது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நானாவுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"செல்லுங்க டீச்சர்! கூட்டம் தொடங்கிட்டு."

"அவர் என்ர கோலை எடுக்கிறார் இல்லை, நானா. உங்கட போனை அவருக்கு முன்னால பிடியுங்கோ. நம்பரைப் பாக்கச் சொல்லுங்கோ."

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நானாவின் குரல்: "இந்தா, டீச்சர்ட நம்பர். வாட்ஸ்அப் இல்ல இது. நீங்களே வாசிச்சுப் பாருங்க."

"லைன் கிளியர் இல்லைப் போல," என்று முகாமையாளர் இழுத்தார்.

"நீங்கள் கதைக்கிறது எனக்கு நல்லாக் கேக்குது," என்றேன், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில். "மொட்டைமாடி எல்லாருக்கும் பொது எண்டு சொல்லித்தான் எங்களுக்கு வீடு வித்தனீங்கள். அதை ஒருத்தருக்குக் குடுக்க எனக்கு விருப்பம் இல்லை. இதுதான் என்ர வாக்கு. எழுதுங்கோ. எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ."

கடதாசி புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வாசித்தார், ஒரு சொல்லையும் விழுங்காமல்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத கீழ்மாடிப் பெண்ணின் குரல் கேட்டது. "டீச்சர் அங்க நிண்டு கதைக்கிறா. இஞ்ச இருக்கிற நாங்கள் ஏன் பேசாமல் இருக்கிறம்? எனக்கும் விருப்பம் இல்லை." அவளைத் தொடர்ந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். எல்லோரும் ஒன்றாகக் கதைத்ததில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் நானாதான் போனைக் காதில் வைத்துக் கத்தினார்: "டீச்சர், தோத்துட்டாங்க!"

காருக்குள் ஏறினேன். மகள் முன் சீட்டில் இருந்து திரும்பவில்லை. கார் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு கேட்டாள்.

"அப்ப நீங்கள் அந்த வீட்டை விக்கப்போறதில்லை, என்னம்மா?"

"இல்லை."

"இஞ்ச வந்து இருக்கவும் மாட்டியள்."

"வருவன், போவன். இருக்கிறது அங்கதான்."

அவள் கண்ணைத் துடைத்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. அது என்னைச் சுட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை. அவளுக்கும் என்னை மாற்றலாம் என்ற நம்பிக்கை அன்றோடு போயிருக்க வேண்டும். கடற்கரையில் இறங்கியதும் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டு, "பிடிவாதக்காரி," என்றாள். இருவரும் கூழாங்கல்லில் தடுக்கித் தடுக்கித் தண்ணீர் வரைக்கும் நடந்தோம்.

இந்த வருடமும் அதே யோசனையை வேறு பெயரில் கொண்டு வந்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு நான் ஊரில்தான் இருக்கிறேன். முன்வரிசையில் இருக்கப் போகிறேன்.