நர்சம்மா எடுத்த ஊமைப்படம்

1. தட்டி பிடிக்கப் போனது

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கம் இருந்த காலம். போட்டோ எடுப்பது முதலாளி. பிளேட் கழுவுவது, பேக்கிரவுண்டு துணி மாட்டுவது, வெளிவேலைக்குப் போனால் தட்டி பிடிப்பது என் வேலை. தட்டி என்றால் பலகையில் வெள்ளித்தாள் ஒட்டியது. வெயிலை வாங்கி முகத்தில் அடிக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏலே, கொழும்புல இருந்து ஒரு நர்சம்மா வந்திருக்கா. கையில சினி கேமரா இருக்கு. தட்டி பிடிக்க ஆளு வேணுமாம். போறியா?"

"சினிமாவா முதலாளி?"

"சினிமாதான். நீதான் கதாநாயகன். போ."

நர்சம்மா பெயர் ரோசம்மாள். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். முப்பது வயதுக்குள் இருக்கும். கொழும்பில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவரிடம் வேலை. அவர் சீமைக்குத் திரும்பும்போது கேமராவை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாவி முறுக்கினால் ஸ்பிரிங்கில் ஓடும். ஒரு முறுக்குக்கு அரை நிமிஷம். சத்தம் பதியாது.

பஸ்ஸில் போகும்போதே விஷயத்தைச் சொன்னாள். ஒளிக்கவில்லை.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா மிக்கேல் வீட்டை விட்டுப் போனார். கொழும்புக்குப் போனார் என்று வீட்டில் பேச்சு. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் சொன்னது. அம்மா திரேசம்மாள் தாலியைக் கழற்றவும் இல்லை, அவரைத் திட்டுவதை நிறுத்தவும் இல்லை. தாய்மாமா சூசை, அம்மாவுக்குத் தம்பி. அவர்தான் இரண்டு பேரையும் தன்னோடு வைத்துச் சோறு போட்டார். இவளை நர்ஸ் படிக்க வைத்ததும் அவர்தான்.

"கொழும்புல நம்ம கரைக்காரன் ஒருத்தன் போய் இறங்கினா பத்துப் பேருக்குத் தெரியும், அண்ணே. துறைமுகத்துல கேட்டேன். கோவில் கோவிலாப் போய்க் கேட்டேன். அப்பாவ ஒருத்தருக்கும் தெரியல்ல. அப்போ எங்க போனாரு? இருக்காரா, இல்லையா? அது எனக்குத் தெரியணும்."

"அதுக்குக் கேமரா எதுக்கும்மா?"

"வாயால கேட்டா ஒரே கதையத்தான் சொல்லுதாவ. அப்போ எப்படி இருந்தாவளோ அப்படிச் செஞ்சு காட்டச் சொல்லப்போறேன்."

எனக்கு அது விளங்கவில்லை. தட்டியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

2. அசையாத இரண்டு பேர்

கேமராவைக் கண்டதும் திரேசம்மாளும் சூசையும் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்கள். மூச்சுகூட விடவில்லை.

"அம்மா, அசையணும். இது அசையுற படம்."

"அசைஞ்சா மூஞ்சி அழிஞ்சு போவுமே ஏட்டி. போன பெருநாளுக்கு எடுத்த படத்துல நம்ம அந்தோணிக்கு ரெண்டு தலை."

முதல் ரோலில் பாதி அப்படியே போனது. இரண்டு சிலையும் ஒரு கோழியும். கோழி மட்டும் நடந்தது.

எங்கள் முதலாளியாக இருந்தால் சத்தம் போட்டிருப்பார். ரோசம்மாள் போடவில்லை. அம்மாவின் கையில் மீனையும் கத்தியையும் கொடுத்தாள். மாமாவின் மடியில் கிழிந்த வலையைப் போட்டாள். "என்னைப் பாக்காதீங்க. வேலையப் பாருங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மனுஷராகிவிட்டார்கள். அந்த வித்தையை அன்றுதான் கற்றேன்.

மீன் நறுக்கிக்கொண்டே திரேசம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"சத்தம் பதியாதுன்னு சொன்னியே, உள்ளதுதானே? அப்போ சொல்லுதேன். நாசமாப் போவான், இந்த நடைக்கல்லுல நின்னான். கக்கத்துல குடை. வாறேன்னு ஒரு சொல்லு. இந்த வாசல் வழியாத்தான் போனான்."

எழுந்து போய் வாசலைத் தொட்டும் காட்டினாள். நான் தட்டியைத் திருப்பினேன். ரோசம்மாள் சாவியை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இந்த வீடு எப்போ கெட்டினது?"

"நீ பள்ளிக்கூடத்துல சேர்ந்த பொறவு. மாமாதான் கெட்டினான்."

சொல்லிவிட்டுத் திரேசம்மாள் அப்படியே நின்றாள். அப்பா போனது அதற்கு முன்பு.

"அப்போ நான் கண்டது எந்த வாசலு?" தம்பியைப் பார்த்தாள். "லே சூசை, நீதானே வந்து சொன்ன, மச்சான் போயிட்டாருன்னு."

சூசை வலையிலிருந்து தலை தூக்கவில்லை. "வெகுகாலம் ஆச்சுல்லா அக்கா" என்றார்.

நானாக இருந்தால் அங்கேயே பிடித்து உலுக்கியிருப்பேன். ரோசம்மாள், "சரி, உலை கொதிக்குது, பாருங்கம்மா" என்று பேச்சை முடித்தாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"அம்மை பொய் சொல்லல்ல, அண்ணே. கேட்டத சொல்லிச் சொல்லி, கண்டதாவே ஆயிட்டு. மாமா அப்படி இல்ல. அவருக்கு என்னமோ தெரியும். எனக்குச் சோறு போட்டவர நான் நிறுத்தி வச்சுக் கேக்கமாட்டேன்."

3. மிக்கேல் இடத்தில் நான்

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். அப்பாவும் மாமாவும் சேர்ந்து கட்டுமரம் தள்ளியதைச் செய்து காட்டச் சொன்னாள். சூசை மறுக்கவில்லை. மருமகள் கேட்டால் அவர் எதையும் தட்டமாட்டார். மிக்கேல் இடத்துக்கு ஆள் வேண்டும். "அந்தத் தட்டிக்காரன் உசரந்தான் அவனும்" என்று திரேசம்மாள் சொல்லியிருந்தாள். தட்டியை மணலில் குத்திவைத்துவிட்டு நான் போனேன்.

"வேட்டிய நல்லா முறுக்கிக் கெட்டும், வே" என்று சூசை சிரித்தார். "கடலுக்கு மலைக்காரன் வேட்டின்னா ரொம்பப் பிரியம்." மார்த்தாண்டத்துக்காரன் என்றால் கரைக்காரர்களுக்கு மலைக்காரன்தான்.

மரத்தின் முன்பக்கம் கயிற்றைப் பிடித்தபடி நான், பின்னால் அவர். தள்ளினோம். முதல் அலை இடுப்புக்கு வந்தது. இரண்டாவது கொஞ்சம் உயர்ந்து வந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. நான் கால் தடுமாறினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு அலறல்.

"மச்சான், கயித்த விடாதேயும்! மச்சான்!"

என்னைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். பிடித்த இடம் கன்றிப்போய்விட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார்.

ரோசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முடிந்து கேமரா நின்றிருந்தது. அவள் முறுக்கவில்லை. லென்சுக்கு மூடியைப் போட்டாள். இதை எழுதவே இவ்வளவும் எழுதினேன். தேடி வந்தது கண்முன்னால் கிடக்கும்போது மூடி போடுகிற கேமராக்காரரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்கக் கூடாது. ஊர்க்கட்டு. மீறினால் மாதா கோவில் முன்னால் ஊர் பார்க்க நிற்க வேண்டும்.

"அன்னைக்கு ஞாயிறு, மக்கா" என்றார் சூசை. "காத்தும் மழையுமா பல நாளு தொழில் இல்ல. உனக்குக் கஞ்சி இல்ல. ஊரு முழுக்க பூசையில இருக்கும்போ நாங்க ரெண்டு பேரும் எறக்கினோம். ரெண்டாம் அலையில மரம் மறிஞ்சு அவரு தலையில அடிச்சு. நான் கயித்தப் பிடிச்சேன். அவரு கை கிட்டல்ல."

"பொறவு?"

"நான் சின்னப் பய. ஞாயித்துக்கிழமை எறங்கிச் செத்தவன்னு ஊரு சொல்லும், அக்காவுக்குத் தலை நிமிர முடியாதுன்னு பயந்தேன். கொழும்புக்குப் போயிட்டாருன்னு சொல்லிட்டேன். உடல் ஒதுங்கினா உள்ளத சொல்லிரலாம்னு கரை கரையா நடந்தேன். ஒதுங்கல்ல. நாள் போகப் போக நாக்கு எழும்பல்ல."

ரோசம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா விளிச்சாரா மாமா?"

"விளிச்சாரு. என் பேரச் சொல்லித்தான் விளிச்சாரு."

அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். "எனக்குச் சொன்னது போதும். அம்மைகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

4. பூசை

வீட்டில் சூசை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ரோசம்மாள் வலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கண்ணி முடிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கேமரா பெட்டிக்குள் இருந்தது. நான் முற்றத்தில் நின்றேன்.

திரேசம்மாள் மீன் கையோடு எழுந்து வந்து தம்பி கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாவி, பிள்ளைக்குக் கஞ்சிக்குப் போன மனுசனை இத்தனை காலம் நாக்கால அடிச்சேனே."



அந்த வாரம் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார், மிக்கேல் ஆத்துமாவுக்காக என்று வாசித்தார். பூசை முடிந்ததும் சூசை கோவில் முன்னால் போய்த் தானாகவே நின்றார். யாரும் நிறுத்தவில்லை. நடந்ததை ஊருக்குச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், "ஞாயித்துக்கிழமை எறங்கினா இப்படித்தான்" என்றார்.

திரேசம்மாள் திரும்பினாள். கழுத்தில் தாலி இல்லை.

"பசிக்கு ஞாயிறு உண்டுமா, வே? இருந்தா சொல்லும்."

 சூசையைச் சாமியாரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஸ்டூடியோவில் நான் வெகுகாலம் வேலை பார்த்தேன். பிறகு நானே கேமரா பிடித்தேன். ஆளை நிறுத்தி வைத்தால் ஆள் தயார் செய்து வைத்த முகம்தான் கிடைக்கும். கைக்கு வேலை கொடுத்தால் உள்ள முகம் வரும். அப்படி வந்ததையெல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டையும் நர்சம்மாவிடம்தான் படித்தேன்.

கொழும்புக்குத் திரும்பும்போது மார்த்தாண்டத்தில் இறங்கி ஸ்டூடியோவுக்கு வந்தாள். படம் எப்படி வரும் என்று முதலாளி கேட்டார். பம்பாய்க்குக் கழுவ அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். நான் பஸ் வரை பெட்டியைத் தூக்கிப்போனேன்.

"இனிமே துறைமுகத்துல அப்பாவத் தேட வேண்டாம், கப்பல்ல இருந்து இறங்குற நம்ம ஆளுகள்ட்ட ஊர் விசேஷம் மட்டும் கேக்கலாம், அண்ணே" என்றாள்.